புகைப்பெட்டிக்குச் செவுள் எங்கே?

ஜெயக்கொடியிடம் மீன் வாங்குவது சுலபம். ஜெயக்கொடிக்கு ஒரு பொருளை விற்பதுதான் பெரும்பாடு.

திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவள் உட்கார்ந்து மீன் விற்கிறாள். விடிவதற்குள் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்துவிடுவாள். ஏலத்தில் மற்றவர்கள் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். இவள் நேராகச் செவுளைத் தூக்குவாள். ஐஸ் போட்டுக் கண்ணைப் பளபளக்க வைக்கலாம், தண்ணீர் தெளித்து உடம்பை மினுக்கலாம், செவுளுக்குள் இருக்கும் சிவப்பை மட்டும் எவனாலும் ஏமாற்ற முடியாது என்பது அவள் கட்சி. இந்தப் பழக்கம் மீனோடு நின்றிருந்தால் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவளோ மிக்ஸி வாங்கப் போனாலும் செவுள் பார்ப்பாள்.

"இதுக்கு செவுள் எங்க கீது?" என்று அவள் கேட்கும்போது விற்பவர் பேய்முழி முழிப்பார். அவள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டாள். மிக்ஸியை ஓடவிட்டு அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளியலறை மூலையில் போய்ச் சுவரைத் தடவுவாள். ஒவ்வொன்றிலும் பொய் சொல்லத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை அவளைப் பெரும்பாலும் கைவிட்டதில்லை.

புருஷனையும் அப்படித்தான் எடுத்தாள். அவளுடைய அம்மா காசிமேட்டில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த காலம். விசைப்படகில் வேலை பார்க்கும் பையன்கள் கூட்டமாக வந்து சாப்பிடுவார்கள். பாதி சதையை முள்ளோடு எறிந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பாஸ்கர் என்ற ஒருவன் மட்டும் சங்கரா மீனை ஏதோ புனித காரியம் செய்வதுபோல் சாப்பிடுவான். கடைசியில் முட்களைச் சுத்தமாக உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போவான். பின்னால் அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது, பையன் எப்படியோ என்னவோ என்று அம்மா இழுத்தாள். "நான் செவுள் பாத்துட்டேம்மா" என்றாள் ஜெயக்கொடி. கல்யாணம் முடிந்தது. சௌமியா என்று ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். பாஸ்கர் படகின் டிரைவர் ஆனான். முட்களின் வரிசை மட்டும் மாறவே இல்லை.

அந்த வரிசைதான் போன வருஷம் நின்று போனது.

கடலில் வைத்தே பாஸ்கருக்கு நெஞ்சு வலி வந்தது. கூட இருந்தவர்கள் வலையை அறுத்துவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்த டாக்டர், இனிமேல் கடல் கிடையாது, பீடி கிடையாது, எண்ணெயில் பொரித்தது கிடையாது, உப்பு பாதி என்று சொல்லி அனுப்பினார். பாஸ்கர் முதல் இரண்டையும் விட்டுவிட்டான். மூன்றாவதன் ருசிதான் அவனை விடவில்லை. ஆவியில் வேகவைத்த மீனை அவன் முன்னால் வைத்தால் மாத்திரை விழுங்குகிறவனைப்போல் இரண்டு வாய் விழுங்கிவிட்டு, "போதும்மே" என்று தட்டைத் தள்ளுவான். மீதி மீன் முள்ளோடு அப்படியே கிடக்கும். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிய ஆரம்பித்தது. சாப்பாட்டுக்காகவே பிடித்துப்போய்க் கட்டிக்கொண்ட மனுஷன் சாப்பிடாமல் இளைத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஜெயக்கொடிக்குப் பயமாக இருந்தது. மார்க்கெட்டில் ஊருக்கெல்லாம் மீன் விற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் கொடுக்கும் மீனை வேண்டாமென்று சொல்ல வீட்டிலேயே ஒருவன்.

ஒரு சாயங்காலம் அவனாகவே பேசினான். மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போட்ல சமைக்கிற எண்ணெ தீந்துடுச்சின்னா இன்னா பண்ணுவோம் தெரியுமா? தகர அடுப்பு மேல கம்பி கட்டி காணாங்கத்த மீன தொங்க வுட்ருவோம். அது பாட்டுக்கு புகைல கெடக்கும். மறுநா எடுத்துத் துன்னா..." என்று சொல்லி நிறுத்தினான். எச்சில் விழுங்கினான்.

ஜெயக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். தொண்டை ஏறி இறங்கியது. மாதக் கணக்கில் அவள் பார்க்காத அசைவு அது.

அடுத்த முறை சௌமியா வந்தபோது இதைச் சொன்னாள். சௌமியா போனில் எதையோ தேடி வீடியோ காட்டினாள். பெட்டி மாதிரி ஒன்று, உள்ளே தணல், மேலே கம்பியில் இறைச்சி, ஒரு குழாய் வழியாகப் புகை. "இதுக்குப் பேரு ஸ்மோக்கர்மா. எண்ணெயே வேணாம். புகையிலயே மெதுவா வெந்துடும். இப்பல்லாம் வூட்டுக்கே வாங்கி வெச்சிக்கிறாங்கோ" என்றாள். அந்த வாரமே பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்டாள் ஜெயக்கொடி. உப்பு ஏறாமல் பார்த்துக்கொண்டு எப்போதாவது சாப்பிட்டால் சரிதான், தினம் வேண்டாம் என்று அவர் சொன்னார்.

ஜெயக்கொடி மறுநாளே மார்க்கெட்டில் செய்தியை அவிழ்த்தாள். பக்கத்தில் கடை போட்டிருக்கும் மங்கம்மா வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்துபோனாள்.

"நெஞ்சுல கம்பி வெச்சிக்கீற ஆளு. இப்பதான் பீடிய வுட்டான். அவனுக்குப் போயி ஸ்மோக்கர் வாங்கித் தர்றேன்ற. உனுக்கு இன்னா புத்தி பேதலிச்சிடுச்சா?"

அவளுக்குப் புரியவைப்பதற்குள் பாதி மீன் விற்று முடிந்துவிட்டது.

முதலில் அண்ணா நகர்ப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனாள். அங்கே குண்டு குண்டாக, கறுப்பாக, மூடியில் கடிகாரம் வைத்ததுபோல் வரிசையாக நின்றன. விற்பனைப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். கடிகாரம் சூட்டைக் காட்டும் என்றான், பெயின்ட் உரியாது என்றான். ஜெயக்கொடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்த வெச்சுக் காட்டு தம்பி" என்றாள்.

"கடைக்குள்ள பத்த வெச்சா அலாரம் அடிச்சு மேலேருந்து தண்ணி கொட்டும்மா."

"அதுவும் நாயந்தான்" என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். பற்ற வைக்காத புகையடுப்பில் செவுள் எங்கே தெரியப்போகிறது?

இரண்டாவதாகப் போனது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பழைய இரும்புக் கடைக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் பாதையில் பழைய பீப்பாய்க்கா பஞ்சம்? ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தாள். ஒன்றில் பெயின்ட், ஒன்றில் பெயர் தெரியாத ஏதோ நெடி. சமையல் எண்ணெய் இருந்த ஒரு பீப்பாய் கடைசியில் கிடைத்தது. கடைக்காரர் அதில் கதவு வெட்டி, உள்ளே கம்பி வைத்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

இனி விறகு. இங்கேதான் ஜெயக்கொடி வழுக்கினாள்.

பாஸ்கர் ஓட்டிய மரப்படகை, வயசாகிவிட்டது என்று ஓனர் உடைத்துப் போட்டபோது, பாஸ்கர் இரண்டு பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தான். படகு ருசி படகு மரத்தில்தானே இருக்கும் என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது. மேல் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்தாள். மீனவர் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடக்க வழியில்லை. வருஷக்கணக்கில் தாரும் டீசலும் குடித்து ஊறிய மரம் அது. ஊரில் உள்ளதற்கெல்லாம் செவுள் பார்க்கிறவள், சொந்த மரம் என்பதால் அதற்குப் பார்க்கவில்லை.

ஜெயக்கொடியின் வீட்டுக்கு எதிரே, அதே மொட்டைமாடியில் இன்னொரு வீடு உண்டு. அதில் அஜீசுன்னிசா இருக்கிறாள். புளியந்தோப்பில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகும் பிளவுஸ் தைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். ஜெயக்கொடி அவளை ஆபா என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அந்தப் பெயர். ஆபாவுக்கு வீசிங். தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து கம்பெனிக் காற்று அடிக்கும் நாட்களில் மூச்சு இழுக்கும். அதனால் மாடியைப் பார்த்த அவள் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும், இடுக்கில் துணி செருகியிருக்கும். பாஸ்கர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் ஜெயக்கொடிக்குச் சாப்பாடு வந்தது.

பீப்பாயிலிருந்து வெள்ளைப் புகை கதவிடுக்கு, கம்பி துளை என்று எல்லா இடத்திலும் குபுகுபுவென்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு இருமல் நின்றது. இருமல் நின்றதுதான் ஜெயக்கொடியைப் பயமுறுத்தியது. ஓடிப் போய்க் கதவைத் தள்ளினாள். ஆபா கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தடியில் தொண்டைக்குழி உள்ளே உள்ளே போய் வந்தது. ஜெயக்கொடி மூச்சு மெஷினை எடுத்து மருந்து ஊற்றி மூக்கில் பொருத்தி, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். அதற்குள் பாஸ்கர் ஒரு குடம் தண்ணீரைப் பீப்பாயில் கொட்டிவிட்டான்.

மூச்சு திரும்பியதும் ஆபா முதலில் சொன்னது: "கம்பெனி காத்துடி. இன்னிக்கு ஓவர்."

அன்றைக்கு அடித்தது கடல் காற்று. எது எந்தப் பக்கத்துக் காற்று என்று ஜெயக்கொடிக்குத் தெரியாதா? அவள்மேல் பழி விழாமல் இருக்கத்தான் ஆபா பொய் சொல்கிறாள் என்பது புரிந்தபோது அவளுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. பாஸ்கர் அந்த மீனில் ஒரு துணுக்கை வாயில் வைத்துப் பார்த்து, "தாரு கசக்குதுமே" என்று மெதுவாகத் துப்பினான். மறுநாள் பீப்பாய் இரும்புக் கடைக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இதற்குப் பிறகு நடந்ததுதான். வேறு யாராக இருந்தாலும் இரண்டு வழிதான் யோசித்திருப்பார்கள். ஒன்று, ஆசையை மூட்டை கட்டி வைப்பது. இல்லாவிட்டால் ஆபா ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்துப் புகை போடுவது. ஜெயக்கொடியும் முதலில் மூட்டைதான் கட்டினாள். மறுபடி ஆவியில் வெந்த மீன், மறுபடி தள்ளிய தட்டு. ஒரு நாள் ஆபாவே வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி ஜெயா, பீப்பாய காணோம்?"

"வாணாம் ஆபா. உனுக்கு ஒத்துக்காது."

"எனுக்கு இன்னா? நான் நல்லாத்தான் கீறேன். பாஸ்கரு எலும்பும் தோலுமா ஆயிட்டான், அத்தப் பாரு. நான் ரெண்டு நாளு புளியந்தோப்புல தம்பி வூட்ல போயி இருந்துக்கிறேன். நீ போடு."

ஜெயக்கொடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த இடத்தில்தான் சட்டென்று பொறி தட்டியது. இத்தனை நாளாக அவள் செவுளைப் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தாள். மூடியில், குழாயில், கதவில். அது பெட்டியிலேயே இல்லை.

"தம்பி வூட்டுக்கெல்லாம் போவ வாணாம். புடவ மாத்து ஆபா. ராயபுரம் போறோம். புகைப்பெட்டிய நீதான் எடுக்கப் போற."

ராயபுரத்தில் டென்னிஸ் என்பவருக்கு ஓட்டல் பாத்திரக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம். ஓட்டல்களுக்கு வேண்டிய தந்தூரி அடுப்பு, கிரில் எல்லாம் கடைக்குப் பின்னாலிருக்கும் முற்றத்தில் செய்து, அங்கேயே பற்ற வைத்துக் காட்டி விற்பார் என்று மார்க்கெட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். ஆபாவின் மூச்சு மெஷினை ஒரு பையிலும், சுத்தம் செய்த காணாங்கத்தையை இன்னொரு பையிலும் எடுத்துக்கொண்டு இருவரும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள்.

"அண்ணே, இவங்களுக்கு வீசிங். எந்த அடுப்பு பக்கத்துல இவங்க ஒயுங்கா மூச்சு வுட்றாங்களோ அத்ததான் நான் எடுப்பேன்" என்றாள் ஜெயக்கொடி.

டென்னிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யக்கா, எத்தனையோ ஓட்டல்காரங்களுக்கு வித்துருக்கேன். பெட்டிய சோதிக்க ஆளையே கூட்டிட்டு வந்தது நீங்கதாம். அவங்களுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதுல்லா?" என்றார்.

"வாசல் பக்கம் தள்ளி உக்கார வைக்கிறேன். வூட்லயும் அவ்ளோ தூரந்தான். லேசா இழுத்தாலும் எழுப்பிடுவேன்."

டென்னிஸ் நாற்காலியை அவரே கொண்டுவந்து போட்டார்.

முதலில் குண்டு அடுப்பு. கரி பிடித்ததும் மூடியைச் சுற்றிப் புகை கசிந்தது. ஆபா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீது. இத்தயே வாங்கிடு" என்றாள். ஜெயக்கொடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குழி லேசாக உள்ளே போனது.

"எழுந்துரு ஆபா. வெளிய போயி நில்லு."

"என் மூச்சு எனுக்குத் தெரியாதா?"

"உன் வாயி எனுக்காகப் பொய் சொல்லும். உன் தொண்டக்குழிக்கு அந்த வேல தெரியாது."

ஆபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் போய் நின்று உருதுவில் ஏதோ முணுமுணுத்தாள். டென்னிஸ் டீ வாங்கிவரச் சொன்னார்.

இரண்டாவது கரண்டில் ஓடுவது. அதில் ஆபாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெந்த மீனைப் பிட்டு வாயில் போட்ட ஜெயக்கொடி, இதற்கு இட்லிப் பானையே தேவலை என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது, குட்டி பீரோ மாதிரி நெட்டையாக ஒன்று. கதவைச் சுற்றித் தடித்த கயிறுபோல் பட்டை ஓடியது, தலையில் நீளமான குழாய். டென்னிஸ் விறகை எடுக்கப் போனபோது ஜெயக்கொடி முந்திக்கொண்டாள். பட்டபாடு போதும் என்று, அவர் வைத்திருந்த மாமரச் சிராய்களைக் கையில் அள்ளி மோந்து, ஒன்றைக் கடித்தே பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. கொட்டாங்குச்சிக் கரி தணலானதும் ஒரே ஒரு பிடி சிராய் போட்டார் டென்னிஸ். "நெறய போட்டா வெள்ளப் புகை வரும், அதுதாம் நெஞ்ச அடைக்கும். கொஞ்சமா போடணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இடுக்கில் எதுவும் வரவில்லை. குழாய் உச்சியில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய புகை போய்க்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆபாவின் தொண்டைக்குழியையே பார்த்தாள். அது அசையாமல் இருந்தது. டீயைக் குடித்து முடித்த ஆபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாய்ந்தாள். காலையிலிருந்து தையல் மெஷினில் குனிந்திருந்த உடம்பு. மீன் வெந்து முடிவதற்குள் அவள் தலை தோளில் விழுந்து, சன்னமாகக் குறட்டை கேட்டது.

டென்னிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெயக்கொடி உதட்டில் விரலை வைத்தாள்.

"இத்தயே கட்டிக் குடுங்கண்ணே. சத்தம் போடாம."

ஞாயிற்றுக்கிழமை மாடியில் குட்டி பீரோ நின்றது. ஆபாவின் வீட்டுக் கூரைக்கும் மேலே போகும்படி கூடுதலாக ஒரு முழம் குழாய் வைத்துக் கொடுத்திருந்தார் டென்னிஸ். ஜெயக்கொடி எலுமிச்சை, மிளகு, பூண்டு, பேருக்குக் கொஞ்சம் உப்பு தடவிய காணாங்கத்தையைக் கம்பியில் தொங்கவிட்டாள். பாஸ்கர் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தான். மீன் வேக வேக வாசனை மாடி முழுக்க நிறைந்தது.

எதிர் வீட்டில் துணி உருவும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். பல வருஷமாகச் சாத்தியே இருந்த ஜன்னல் கிறீச்சென்று திறந்து, ஆபாவின் முகம் தெரிந்தது.

"இன்னா வாசனடி. எனுக்கு இல்லியா?"

"உனுக்குத்தான் மொத மீனு" என்று ஜெயக்கொடி தட்டை ஜன்னல் வழியாகவே நீட்டினாள்.

பாஸ்கர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். ஒரு வாய் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமல் வைத்திருந்தான். ஜெயக்கொடி கேட்கவில்லை. நல்லா இருக்கிறதா என்று கேட்டால், ஆபாவைப் போலவே அவனும் அவளுக்காகப் பொய் சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பை எடுப்பதுபோல் நின்றாள். எடுத்த செம்பை மறுபடி வைத்தாள். திரும்பி வந்தபோது பாஸ்கர் கை கழுவக் குழாய்க்குப் போயிருந்தான்.

தட்டின் ஓரத்தில் முட்கள் இருந்தன. ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, சதை ஒட்டாமல், வரிசையாக.

அவள் தட்டை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஜன்னலிலிருந்து ஆபா பார்த்துவிட்டாள். "இன்னாடி, கண்ணு கலங்குது? புகையா?"

"நீ எடுத்த பெட்டி ஆபா" என்றாள் ஜெயக்கொடி. "இதுல புகை எங்க வெளிய வருது?"